சுமை ஏறாத வண்டி

கார் வேண்டும் என்று ராசப்பன் கேட்ட நாளிலிருந்து கொல்லிமலையின் அரியூர் நாடு முழுக்க அந்த ஒரு வீட்டைப் பற்றித்தான் பேச்சு.

நிலம் கேட்டிருந்தால் ஆச்சரியமில்லை. பெண் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பர்மா எல்லையில் ஐந்து வருஷம் ராணுவ லாரி ஓட்டிவிட்டு உயிரோடு திரும்பியவன், வந்த இரண்டு மாதமாக ‘ம்’, ‘சரி’ என்பதைத் தவிர வேறு பேச்சில்லாதவன், முதன்முதலாக வாய் திறந்து ஒன்று கேட்டான். அது போய் மோட்டாராக இருந்தது. அதுவும் சேந்தமங்கலத்தில் கிடந்த, யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஓட்டிக் கழித்த பந்தயக் கார். கொல்லிமலைக்கோ ரோடே கிடையாது. மாட்டு வண்டிகூட ஏறாது. கால் உண்டு, தலை உண்டு, தலையில் சுமை உண்டு. அவ்வளவுதான் இந்த மலையின் போக்குவரத்து.

ஊர்க்கவுண்டரான அப்பா அர்த்தனாரி, மகன் கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு சோற்றில் கையை நிறுத்தாமல் சொன்னார்.

“உம் பணம். உங்கக்கா காவல். அவ சொன்னாச் சரி.”

அத்தோடு பொறுப்பு சென்னம்மாளின் தலையில் இறங்கிவிட்டது.

அந்தக் காவல் விஷயம் மலைக்கே தெரியும். ராசப்பன் பட்டாளத்தில் இருந்த ஐந்து வருஷமும் அவன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் வீட்டுக்குப் பணம் வந்தது. அதில் ஒரு காசைச் சென்னம்மாள் தொடவில்லை. மழை பொய்த்த வருஷம் வீட்டில் கிழங்கைத் தின்று கிடந்தார்கள். அப்போதும் தொடவில்லை. “அது எந் தம்பி உசுருக்கு வெச்ச வெல. அவன் வந்து வாங்கிக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள். புருஷன் வீட்டில் ஒரு வருஷம் இருந்து பார்த்து, பிடிக்காமல் பிறந்த வீட்டுக்கு வந்து, மிளகுக் கொடியும் சாமைக் காடுமாக வீட்டை நிமிர்த்தி வைத்தவள் அவள். முப்பத்திரண்டு வயது. ‘சென்னம்மா கழுத்து சுமைக்கும் வளையாது, ஆளுக்கும் வளையாது’ என்று பெண்கள் சொல்வார்கள். அதைக் கேட்டால் அவளுக்கு உள்ளுக்குள் குளிரும்.

ஆக, மாசி மாதத்துச் சந்தை நாளன்று, விடிந்ததும் அக்காவும் தம்பியும் மலை இறங்கினார்கள். அவள் தலையில் ஆரஞ்சுக் கூடை. இடுப்பில் பணப்பை. நெஞ்சில் ‘வேண்டாம்’ என்கிற ஒரே வார்த்தை.

“ஏன்டா சாமி, நேராவே கேக்கறேன். அந்த வண்டி நமக்கு எதுக்கு?”

ராசப்பன் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தான். பட்டாளத்துப் பூட்ஸ் காலில், பாறைக்குப் பாறை பார்த்துக் கால் வைத்தான்.

“வந்து பாருக்கா. பாத்துப்போட்டு வேண்டாம்னா வேண்டாம்.”

“வேண்டாம்னுதான் சொல்லப் போறேன்.”

“அதையும் பாத்துப்போட்டுச் சொல்லு.”

“சின்னக்கண்ணுச் சித்தப்பன் ஊத்துக்காட்டத் தாரேங்கறாரு. கோடையிலயும் தண்ணி வத்தாத காடு. நாம சுத்தி வெள்ளாமை பண்ணீட்டு, நடுவுல இருக்கற ஊத்துக்கு அடுத்தவங்கிட்டக் கேட்டுக்கிட்டு நிக்கறோம். இந்தப் பணத்துல அத முடிச்சுப்போட்டா உம் பிள்ளைகுட்டி கும்பிடும்.”

“நல்ல காடுதான்” என்றான் ராசப்பன். அவ்வளவுதான் சொன்னான். அவன் சண்டை போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து சந்தைக்குப் போகிற மாட்டு வண்டியில் ஏறிச் சேந்தமங்கலம் சேர்ந்தார்கள். சென்னம்மாள் ஆரஞ்சை மொத்தமாக ஒரு கடைக்கு இறக்கிவிட்டு, வெறுங்கூடையோடு நசீர் அகமது கிடங்குக்கு வந்தாள்.

நசீர் அகமது மிளகு வியாபாரி. அவருடைய அத்தா காலத்திலிருந்து மலை மிளகை வாங்கும் குடும்பம். தராசில் கை வைக்காத மனிதர் என்று மலையில் பெயர். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறும்போது, பழகிய பழக்கத்துக்காக இந்தக் காரை அவரிடம் விட்டுப் போயிருந்தார்.

“வாங்க அம்மணி. தம்பி ரெண்டு சந்தைக்கு முந்தியே வந்து சொல்லிப்போட்டுப் போச்சு. ‘எங்கக்கா வந்து பாக்கற வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க’ன்னு. சரின்னு வாக்குக் குடுத்தேன். வாங்க, பாருங்க.”

மிளகு மூட்டைகளுக்கு நடுவே போட்டிருந்த தார்ப்பாயை இழுத்தார்.

சென்னம்மாள் கார் பார்க்காதவள் அல்ல. கலெக்டர் வந்த கார், தாசில்தார் வந்த கார் எல்லாம் பார்த்திருக்கிறாள். பெரிய பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். இது அப்படியில்லை. அவள் இடுப்பு உயரம்கூட இல்லை. பலா இலைப் பச்சை. மூக்கு நீளமாக முன்னால் போயிருந்தது. அந்த மூக்கைக் குறுக்கே ஒரு தோல் வார் இழுத்துக் கட்டியிருந்தது. சைக்கிள் சக்கரம் போலக் கம்பி போட்ட சக்கரங்கள். மேலே கூரை கிடையாது. மடக்கி வைத்த துணிதான். புதருக்குள் பாயத் தயாராகப் பதுங்கிய கீரி மாதிரி இருந்தது.

அவள் வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்தாள். பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள்.

“ஏனுங்க பாய், மூட்டை எங்க வெக்கறது?”

“மூட்டை வெக்க எடமில்லீங்க அம்மணி.”

“ஒரு கூடை?”

“கூடைக்குக்கூட எடமில்லீங்க. ரெண்டு பேரு உக்காரலாம். அவ்வளவுதான். இது பந்தயத்துக்குன்னு செஞ்ச வண்டி. மதராசுல துரை ஓட்டி ஜெயிச்சிருக்காரு.”

சென்னம்மாள் தம்பியைத் தேடினாள். ஆள் இல்லை. பூட்ஸ் மட்டும் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

நசீர் அகமது குரலைத் தாழ்த்தினார். “அம்மணி, உங்ககிட்ட மறைக்க மாட்டேன். பஸ் மொதலாளி குப்புசாமி இதக் கேக்கறாரு. நாஞ் சொல்ற வெலைக்கு மேல எச்சாவே தாரேங்கறாரு. வாக்கு உங்களுக்குத்தான். அதுல மாத்தமில்ல. ஆனா பொழுது சாயறதுக்குள்ள எனக்கு ஒரு முடிவு சொல்லிப்போடுங்க. அவரையும் ரொம்ப நாளைக்கு நிக்க வெக்க முடியாது.”

சொல்லி வாய் மூடவில்லை. வாசலில் நிழல் விழுந்தது. குப்புசாமியே வந்து நின்றார்.

நாமக்கல்லுக்கு ஓடுகிற இரண்டு பஸ் அவருடையது. சட்டைப் பையில் தங்கச் சங்கிலிக் கடிகாரம். பின்னால் எப்போதும் நாலு பேர். சந்தை நாளாதலால் இன்று ஏழெட்டுப் பேர்.

“என்ன பாய், வண்டி பாக்க ஆள் வந்திருக்குதாமே?” என்றவர் சென்னம்மாளையும் அவள் கையிலிருந்த வெறுங்கூடையையும் பார்த்தார். அடியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு எழுந்த ராசப்பனைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“அட, நம்ம மலைக்காரத் தம்பி! ஏன்டா, இத வாங்கி எங்கடா நிறுத்துவே? பலா மரத்துல கவுறு போட்டுக் கட்டி வெப்பியா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“எம் பஸ்ஸுக்கு டிரைவர் வேணும். வந்து சேரு. காக்கிச் சட்டை, மாசச் சம்பளம். மலைக்காரனுக்கு அது போதாதா? மோட்டார் வாங்கற ஆசையெல்லாம் எதுக்கு?”

சென்னம்மாளுக்குக் காது மடல் சுட்டது. ‘வேண்டாம்’ என்று மலையிலிருந்து சுமந்து வந்த வார்த்தை எங்கே போனதென்றே தெரியவில்லை. கழுத்து நிமிர்ந்தது.

“பாய், வண்டி எங்களுக்குத்தான். வெலையப் பேசுங்க” என்றாள். கை இடுப்புப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

அவள் மணிக்கட்டை ராசப்பன் பிடித்தான்.

“வேண்டாம்க்கா.”

“என்னடா வேண்டாம்? நீதான கேட்டே?”

“கோவத்துல வாங்காதே. கோவத்துல வாங்குனா வண்டி நமக்கு வந்தாலும் அதுல உக்காந்திருக்கறது இவரு பேச்சுத்தான்.” குரலை உயர்த்தாமல், குப்புசாமிக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னான். பிறகு நசீர் அகமதைப் பார்த்தான். “பாய், முன் அச்சு ஒருக்கா வளைஞ்சு நிமுத்திருக்குது. எங்கயோ மோதியிருக்குது. பிரேக்கும் வலது பக்கம் சரியாப் பிடிக்காது. உங்களுக்குத் தெரியுமா?”

“அல்லா மேல ஆணையாத் தெரியாது தம்பி. துரை சொல்லல.”

“தெரிஞ்சிருந்தா நீங்களே சொல்லியிருப்பீங்க. ஒருக்கா ஓட்டிப் பாத்துப்போட்டு வந்து பேசறேனுங்க.”

சென்னம்மாள் இடுப்புப் பையை மறுபடி முடிந்துகொண்டாள். தன் வாயை அடைத்தவன் தம்பிதான் என்பதில் எரிச்சல் வந்தது. அதே தம்பி, இத்தனை பேர் முன்னால், கையும் நடுங்காமல் வார்த்தையும் நடுங்காமல் பேசினான் என்பதில் எரிச்சலைத் தாண்டி இன்னொன்று வந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

“கூடையை இங்க வெக்கறேனுங்க பாய்” என்று மட்டும் சொன்னாள்.

வண்டியில் உட்காருவது ஏறுவது போல இல்லை, இறங்குவது போல இருந்தது. கால் நீட்டிக்கொண்டு, பூமிக்கு ஒரு முழம் மேலே உட்கார்ந்தாள். ராசப்பன் இரும்புக் கம்பியை முன்னால் செருகிச் சுற்றினான். உறுமல் அவள் முதுகெலும்பில் ஏறியது. சந்தைக் கூட்டம் விலகியது. வெற்றிலைக் கடைக்காரன் எழுந்து நின்று பார்த்தான்.

ஊர் தாண்டும் வரை மெதுவாகத்தான் போனான். புளியமரச் சாலை வந்ததும் கையை எங்கோ மாற்றினான், காலை அழுத்தினான். புளிய மரங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பின்னால் ஓடின. சென்னம்மாளின் முந்தானை காற்றில் எழும்பி முகத்தில் அறைந்தது. கொண்டை அவிழ்ந்தது. “அடே! அடே, மெதுவாடா!” என்று கத்தினாள். கத்திவிட்டுத் தானே சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முயன்றாள், முடியவில்லை.

பக்கத்தில் பார்த்தாள். தம்பியின் முகம் வேறு முகமாக இருந்தது. ஊரைவிட்டுப் போகும்போது பத்தொன்பது வயதில் இருந்த முகம். பட்டாளம் திருப்பி அனுப்பிய ஆள் இத்தனை நாளாக அந்த முகத்தை எங்கே வைத்திருந்தானோ தெரியவில்லை.

காரவள்ளிக்கு முன்னால், மலை முழுசாகத் தெரிகிற ஒரு திருப்பத்தில், வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்தினான். என்ஜின் அடங்கியதும் காடை கத்துவது கேட்டது.

“சரி, பாத்துப்போட்டேன்” என்றாள், முடியை முடிந்துகொண்டே. “நல்லாத்தான் ஓடுது. இப்பச் சொல்லு. உனக்கு வண்டிதான் வேணும்னா லாரி வாங்கேன். மொளகு ஏத்தலாம், கெழங்கு ஏத்தலாம், நாலு காசு வரும். ஒரு கூடை வெக்க எடமில்லாத இதுமேல ஏன்டா உனக்கு இத்தன ஆசை?”

ராசப்பன் கைகளை ஸ்டியரிங் சக்கரத்தின் மேலேயே வைத்திருந்தான். மலையைப் பார்த்தான்.

“அங்கயும் இப்படித்தான்க்கா மலை. இதவிடப் பெருசு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். சேத்துல ரோடு வெட்டியிருப்பான். மேல போறப்ப குண்டு, அரிசி. கீழ வாரப்ப அடிபட்டவங்க. எது ஏத்தறது, எப்பப் போறதுன்னு நம்மள யாரும் கேக்கறதில்ல. ஏத்தி விட்டத ஏத்திக்கிட்டு முன்னால போற லாரியப் பாத்து ஓட்டோணும்.”

இரண்டு மாதமாக இந்தப் பேச்சுக்குத்தான் வீடே காத்திருந்தது.

“ஒருநாள் அடிபட்டவங்கள்ல ஒருத்தன் நம்ம ராசிபுரத்துப் பக்கத்து ஆளு. பேரு கேக்கல. எனக்குப் பின்னால பலகைதான். அதுல ஒரு ஓட்டை. அதுவழியா ‘அண்ணா, தமிழா நீங்க? எந்த ஊருங்க?’ன்னு கேட்டான். கொல்லிமலைன்னேன். அவனுக்கு ஒரே சந்தோசம். எங்கம்மா உங்க மலை ஆரஞ்சு வாங்கித் தரும்னான். பேசிக்கிட்டே வந்தான். மூணாவது திருப்பத்துல பேச்சு நின்னுபோச்சு.”

சாலையில் ஒரு மாட்டு வண்டி போயிற்று. அது போகும் வரை ராசப்பன் காத்திருந்தான்.

“நிறுத்திப் பாக்க முடியாதுக்கா. நான் நின்னா பின்னால வார லாரி எல்லாம் நிக்கோணும். மேல ஏரோப்ளேன் வரும். நிக்காம ஓட்டுனேன். அந்தப் பாரத்தோடயே கடைசி வரைக்கும் ஓட்டுனேன்.” சக்கரத்திலிருந்து கையை எடுத்தான். “அதுக்கப்புறம் எந்த வண்டியப் பாத்தாலும் மொதல்ல பின்னாலதான் பாப்பேன். என்ன ஏத்தியிருக்கான்னு. பாய் கெடங்குல இதப் பாத்தேன். பின்னால போய்ப் பாத்தேன். ஏத்தறதுக்கு எடமே இல்ல.”

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“அதான்க்கா. வேற ஒண்ணுமில்ல. நாலு மாசம் ஓட்டிப்போட்டு வித்துப்போடுன்னாலும் வித்துப்போடறேன். ஒருக்கா, எம் மனசுக்கு, எதையும் ஏத்தாம ஓட்டோணும்.”

சென்னம்மாளுக்குக் கிடங்கில் வண்டியைப் பார்த்ததும் தானும் பின்பக்கம்தான் போய்க் குனிந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. பத்து வயதில் தலைக்கு ஏறிய சுமை. மிளகு, சாமை, பலா, விறகு. அதைச் சுமந்தோம் என்பதுதான் அவளுடைய கௌரவம். சுமக்காமல் ஒரு கௌரவம் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. இவன் நினைத்திருக்கிறான். ரத்தத்துக்கும் சேற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து நினைத்திருக்கிறான். தன் முதுகில் தூக்கி வளர்த்த பிள்ளை.

கண்ணைத் துடைக்கவில்லை. துடைத்தால் தெரிந்துவிடும். காற்று காயவைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

“வண்டியத் திருப்பு” என்றாள்.

“கோவமாக்கா?”

“திருப்புடா. வாரப்ப ஓட்டுனதவிட இன்னும் சித்த வேகமா ஓட்டு. பிரேக்க நம்பி அல்ல, உன்ன நம்பிச் சொல்றேன்.”

சேந்தமங்கலம் கடைவீதிக்குள் நுழையும்போது சந்தை உச்சத்தில் இருந்தது. ராசப்பன் நிதானமாக ஓட்டினான். தானியக் கடை, துணிக் கடை, கறிக் கடை என்று எல்லா வாசலிலும் தலைகள் திரும்பின. “மலைக்காரப் பொம்பளை பாருடோய், மோட்டார்ல!” என்று ஒரு குரல் எழுந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மலையிலிருந்து மூட்டையோடு இறங்கும்போது எப்படி நிமிர்ந்து வருவாளோ அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் சென்னம்மாள்.

குப்புசாமி போகவில்லை. கிடங்குக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நசீர் அகமதின் முகத்தைப் பார்த்ததுமே, அவர் இன்னும் ஏற்றிக் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

“அம்மணி,” என்றார் நசீர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. “மொதலாளி ஒண்ணரை மடங்கு தாரேங்கறாரு. நான் வாக்கு மாற மாட்டேன். நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் அவருக்கு.”

சென்னம்மாள் பதட்டப்படவில்லை. மிளகு விற்க வந்தால் எப்படி உட்காருவாளோ அப்படி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

“சொன்ன வெலைக்கு வண்டி வேண்டாமுங்க பாய்.”

குப்புசாமி எழுந்தார்.

“உக்காருங்க மொதலாளி. இன்னும் முடிக்கல” என்றாள். “முன் அச்சு வளைஞ்ச வண்டி. பிரேக்கு ஒரு பக்கம் இல்ல. தோதான வெல சொல்லுங்க பாய், வாங்கிக்கறேன். மொளகுல கல்லு இருந்தா நீங்க கழிப்பீங்கதான?”

நசீர் அகமது சிரித்துவிட்டார். பிறகு பேரம் நடந்தது. வருஷா வருஷம் மிளகுக்கு நடக்கிற அதே பேரம், இந்த முறை இடம் மாறி. அவர் இறங்கினார், அவள் ஏறினாள், இருவரும் ஒருதரம் எழுந்தார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து அவர் மனைவி ஹாஜிரா பீவி இரண்டு தரம் டீ கொடுத்தனுப்பினார். குப்புசாமி கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாரே ஒழியப் போகவில்லை. அவருக்கும் பேரம் பிடிக்கும்.

முடிந்ததும் சென்னம்மாள் இடுப்பிலிருந்து பையை அவிழ்த்துத் தம்பியிடம் நீட்டினாள்.

“உங் கையால குடு. உம் பணம். எங் காவல் முடிஞ்சுது.”

ராசப்பன் பையை வாங்கவில்லை. “ஊத்துக்காடுக்கா?”

“அத நான் எம் மொளகுல வாங்குவேன். இன்னும் ரெண்டு வெள்ளாமை ஆகும். ஆகட்டுமே. பெரிய பட்டாளத்துக்காரன் பணத்துல சென்னம்மா காடு வாங்குனான்னு எவனும் சொல்ல வேண்டாம்.” அவன் கையை இழுத்துப் பையை வைத்து விரல்களை மடக்கினாள். “ஒரு கண்டிசன் இருக்குது.”

“சொல்லுக்கா.”

“எனக்கும் ஓட்டச் சொல்லித் தரோணும்.”

குப்புசாமியின் ஆட்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். குப்புசாமி திரும்பி அவனைப் பார்த்தார். அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

“தம்பி,” என்றார் குப்புசாமி. காலையில் சொன்ன ‘டா’ இப்போது இல்லை. “அச்சு வளைஞ்சிருக்குதுன்னு எனக்கு ஒருத்தனும் சொல்லல. என்கிட்ட மூணு மெக்கானிக் சம்பளம் வாங்கறான். பஸ்ஸு வேலை இன்னும் இருக்குது. டிரைவரா அல்ல, ரெண்டு பஸ்ஸையும் பாத்துக்கற ஆளா. பதில் இன்னிக்கு வேண்டாம். அக்காகிட்டக் கேட்டுச் சொல்லு.”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். ராசப்பன் அக்காவைப் பார்த்தான். “இன்னிக்கு ஒரு முடிவு போதும்” என்றாள் அவள்.

பொழுது சாயத் தொடங்கியபோது பச்சை வண்டி காரவள்ளியைப் பார்த்துப் போனது. அடிவாரத்தில் தெரிந்தவர் ஒருவருடைய கொட்டாயில் நிறுத்திவிட்டு, நடந்து மலையேறுவதாகப் பேச்சு.

ஆனால் அடிவாரத்தில் கூட்டம் நின்றது.

முப்பது நாற்பது பேர் இருக்கும். எல்லாம் அரியூர் நாட்டு ஆட்கள். நடுவில், தலைப்பாகை கட்டி, தோளில் துண்டு போட்டு, அப்பா அர்த்தனாரி. ஆறேழு வருஷமாக மலையை விட்டு இறங்காத மனிதர்.

ராசப்பன் வண்டியை நிறுத்தி இறங்கி நின்றான், பட்டாளத்தில் அதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி.

அர்த்தனாரி மகனைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். மூக்கைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்ததால் கையை எடுத்துக்கொண்டார்.

“உச்சிப் பொழுதுல பாறை மேல உக்காந்திருந்தேன்” என்றார். “கீழ ரோட்டுல ஒரு பச்சைப் பூச்சி ஓடுச்சு. புழுதியக் கெளப்பிக்கிட்டு. சேந்தமங்கலத்துக்காரன் எவனும் அப்படி ஓட்ட மாட்டான். எம் மவன்னு தெரிஞ்சுபோச்சு. எல்லாரையும் கூட்டிக்கிட்டு எறங்கிட்டேன்.”

பிறகு மகனைப் பார்த்தார். “எத்தன பேரு வேணும்?”

“எதுக்குப்பா?”

“தூக்கறதுக்கு.”

அப்போதுதான் சென்னம்மாள் கவனித்தாள். கூட்டத்துக்குப் பின்னால் மூங்கில்கள் கிடந்தன. நெடிய, பச்சை மூங்கில்கள், இன்றைக்கு வெட்டியவை. கட்டுவதற்குக் கயிறும் இருந்தது.

“எம் மவன் வாங்குன மோட்டார் அடிவாரத்துல அடுத்தவன் கொட்டாயிலயா கெடக்கும்? நம்ம நாட்டுக்குள்ள நிக்கோணும். சக்கரத்தக் கழட்டி நாலு பேரு, ஒடம்ப இருபது பேரு. ரெண்டு நாள்ல ஏத்திப்போடலாம். எல்லாருக்கும் சம்மதம்.”

“ஆமாங்க!” என்று நாற்பது குரல் எழுந்தது. ஒருவர் முகத்திலும் கட்டாயம் இல்லை. பெருமைதான் இருந்தது.

ராசப்பனின் முகம் வெளுத்துவிட்டது.

“வேண்டாம்ப்பா.”

“என்ன வேண்டாம்?”

“இது ஒரு மனுசன் தோள்லயும் ஏறாது. ஏறக் கூடாது. கீழயே கெடக்கட்டும்.”

“ஊரே வந்து நிக்குதுடா!”

“அதுக்குத்தான் வேண்டாங்கறேன்.”

அப்பாவின் தாடை இறுகியது. மகன் ஏன் சொல்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. இத்தனை பேர் முன்னால் அவன் அதைச் சொல்லவும் மாட்டான். அப்பாவும் மகனும் ஒரே சமயத்தில் சென்னம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் போய் வண்டியின் கதவைத் திறந்து பிடித்தாள்.

“அப்பா, மொதல்ல நீங்க உக்காருங்க.”

“நானா?”

“ஆமாங்கப்பா. எத்தன பேரு தூக்கறதுன்னு அப்புறம் பேசலாம். மொதல்ல அது உங்களத் தூக்கட்டும்.”

அர்த்தனாரி தயங்கினார். ஜென்மத்தில் எந்த மோட்டாரிலும் ஏறாதவர். நாட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு, கோயிலுக்குள் கால் வைப்பதுபோல வண்டிக்குள் கால் வைத்தார்.

“உன் வாயால சொன்னாத்தான் அவருக்குப் புரியும்” என்று தம்பியின் காதோரம் சொன்னாள் சென்னம்மாள். “பொறுமையாச் சொல்லு. ரோடு நீளமா இருக்குது.”

வண்டி கிளம்பியது. அப்பாவின் தலைப்பாகை முதல் காற்றிலேயே சரிந்தது. அவர் அதை ஒரு கையால் பிடித்துக்கொள்வது தெரிந்தது. திருப்பத்தில் பச்சை நிறம் மறைந்தது. புழுதி மெல்ல இறங்கியது.

ஆட்கள் பாறைகளில் உட்கார்ந்தார்கள். வெற்றிலைப் பை கை மாறியது. “இப்ப வந்திருவாங்க” என்றார் ஒருவர். மலையின் நிழல் கீழே இறங்கிச் சாலையைத் தொட்டது. யாரும் வரவில்லை.

அப்போது எங்கோ தூரத்தில் ஹார்ன் சத்தம் கேட்டது. ஒருதரம் அல்ல. விட்டு விட்டு, குழந்தை கையில் ஊதல் கிடைத்த மாதிரி. ராசப்பன் அப்படி அடிக்கிறவன் அல்ல.

“நம்ம ஊர்க்கவுண்டரு!” என்று யாரோ கூவினார்கள். பாறைகளில் சிரிப்பு உருண்டது. சென்னம்மாளும் சிரித்தாள்.

ஆனால் சத்தம் மலையைப் பார்த்துத் திரும்பவில்லை. சேந்தமங்கலத்தைப் பார்த்து, அதையும் தாண்டி நாமக்கல் சாலையைப் பார்த்து, தேய்ந்துகொண்டே போயிற்று.

“ஏனுங்க சென்னம்மா,” என்று முன்னால் நின்றவர் கேட்டார், மூங்கிலைக் காட்டி. “நாங்க இருக்கறதா, போறதா?”

இருட்டப் போகும் சாலையில் வைத்த கண்ணை அவள் எடுக்கவில்லை.

“இருங்க” என்றாள். “அவங்க பேசி முடிச்சு வரட்டும்.”